சோடியம் ஸல்பைடு: பயனும் எச்சரிக்கையும்

நாம் பருத்தி நூலுக்குக் கறுப்பேற்றும் கந்தகச் சாயம் நீரில் தானாகக் கரையாது. சோடியம் ஸல்பைடு சேர்த்துச் சூடேற்றினால் கரைந்து நூலுக்குள் புகும்; பின்பு காற்றிலுள்ள பிராணவாயு பட்டதும் மீண்டும் கரையாப் பொருளாகி நூலிலேயே தங்கிவிடும்.

செம்புத் தாதுவைப் பிரிக்கும் ஆலைகளிலும் இதே உப்பு உதவுகிறது. மாலகைட் என்னும் பச்சைத் தாது நுரையில் எளிதில் ஒட்டாது. உப்பை அளவோடு இட்டால் தாதுத் துகள்மீது மெல்லிய ஸல்பைடுப் படலம் படிந்து, அது நுரையோடு மேலே வரும். அளவு மிஞ்சினாலோ மிதக்காது. சாயத் தொட்டியிலும் உப்பு மிகுந்தால் சாயம் நூலிற் பற்றாது நீரிலேயே நின்றுவிடும்.

அங்கத்தினர்கள் மறவாதிருக்க வேண்டுவது ஒன்றுண்டு. இவ்வுப்புடன் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் நச்சுவாயு எழும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் எச்சரிக்கும். வாயு மிகுந்தால் மூக்கு உணர்விழக்கும். நாற்றம் நின்றதால் ஆபத்து நீங்கியதென எண்ணலாகாது. ஆதலின் சாயக் கழிவில் அமிலம் ஊற்றாதிருப்போமாக.