விண்ணப்பக் கட்டுரையும் எம் பழைய மாணவரும்

இலங்கையில் பல்கலைக்கழகப் புகுமுகம் பெரும்பாலும் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றைக் கொண்டே முடிவாகின்றது. இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் கணக்கிடப்படும். மாணவர் தம்மைப் பற்றி ஒரு வரியேனும் எழுத வேண்டுவதில்லை. ஆதலின், பட்டம் பெற்றுச் சில ஆண்டு உத்தியோகமும் பார்த்தபின் எம்.பி.ஏ. கல்வி நாடி அந்நிய நாட்டு வணிகப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் எம் பழைய மாணவர், அங்கே கேட்கப்படும் கட்டுரையைக் கண்டு திகைத்தல் இயல்பே. வட்டகொடையிலும் சூழவுள்ள தோட்டங்களிலும் பிறந்த சிலர் தம் வரைவுகளை எம்மிடம் காட்டியதுண்டு. அவற்றைப் படித்தபோது தோன்றியவற்றை இம் மலரிற் கூற விழைகின்றோம்.

கட்டுரை கேட்பதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். 1908 இல் தொடங்கிய ஹார்வார்ட் வணிகப் பள்ளியில், உண்மையாக நிகழ்ந்த வணிகச் சிக்கல் ஒன்றை முன்வைத்து மாணவர் தமக்குள் வாதிடுவதே பாடம் நடக்கும் முறை. அத்தகைய வகுப்பிற் பேசுதற்கு இவரிடம் என்ன உண்டு என்பதைப் பெறுபேற்றுத் தாள் காட்டாது. ஸ்டான்போர்ட் வணிகப் பள்ளியோ, உமக்கு யாவற்றினும் முக்கியமானது யாது, அஃது ஏன் என்று பல ஆண்டுகளாக வினவி வந்துள்ளது. அவ் வினாவின் உயிர் 'ஏன்' என்னும் சொல்லிலேயே உள்ளது.

நாம் கண்ட வரைவுகள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று, மனு. லயத்திற் பிறந்தோம், வறுமையில் வாடினோம், கருணை கூர்க என்னும் போக்கு. துரைக்கு மனு எழுதுவித்த எம் பாட்டன்மார் காலத்து நடை இன்னும் எம்மை விட்டு நீங்கவில்லை போலும்! மற்றையது, தோட்டத்தை முற்றாக மறைத்து, தலைமைத்துவம், புத்தாக்கம் என்ற பெருஞ் சொற்களை அடுக்குவது. அதனை எந் நாட்டவரும் எழுதலாம். எழுதியவர் முகம் அதில் தெரியாது. இரண்டினும் இதுவே கேடுடையது என்போம்.

ஓர் உதாரணம் கொள்வோம். தோட்டக் காரியாலயத்தில் ஓர் இளைஞர் பணிபுரிகின்றார். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் எனக் கழிக்கப்படும் நிறை பற்றிப் பெண்களுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் ஓயாத பிணக்கு. ஒவ்வொரு நிறுவையையும் கழிவையும் துண்டில் எழுதி உரியவர் கையிற் கொடுக்கலாம் என்கின்றார் இளைஞர். நேரம் வீணாகும் என்று மறுக்கின்றனர் மேலோர். ஒரு மலையில் மட்டும் ஒரு மாதம் செய்து பார்க்க இணங்கச் செய்கின்றார். பிணக்குக் குறைகின்றது, ஆயின், கொம்பனிக்கு இதனால் வரும் செலவெவ்வளவு, இலாபமெவ்வளவு என்று கேட்டபோது அவரால் விடை கூற இயலவில்லை. இதுவே கட்டுரை! தாம் எடுத்த முடிவு, எதிர்நின்ற தடை, விளைந்த பயன், தமக்குத் தெரியாதது ஆகிய யாவும் இதில் உள. நிதியியலும் செலவுக் கணக்கியலும் தாம் கற்க விரும்புவது ஏனென்பதும் தானே விளங்கும். வறுமையைத் தனியே புலம்ப வேண்டுவதில்லை. அப் பெண்களுள் ஒருவர் தம் தாயார் என்று ஒரு வாக்கியம் எழுதினாற் போதும்.

படிப்பவர் தேயிலைத் தோட்டத்தையே கண்டிராதவராக இருக்கலாம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று ஓரிடத்திற் சொன்னால், நிறையின் பெறுமதி அவருக்குப் புலப்படும். பரீட்சைக் கட்டுரைக்கு அணி செய்யும் பழமொழித் தொடக்கம் இங்கு இடைஞ்சலே. சொல்லெல்லை மிகக் குறுகியது.

முதல் வரைவைத் தமிழில் எழுதுக என்று நாம் வற்புறுத்துவதுண்டு. தமிழாசிரியரின் பற்று என நகைப்போர் நகைக்க! நினைத்தது தெளிந்தபின் ஆங்கிலத்தில் எழுதுதல் எளிது. பிறரைக் கொண்டோ கணினியைக் கொண்டோ எழுதுவிப்போர், நேர்முகத்தில் அதே நிகழ்ச்சியை நுணுகிக் கேட்குங்கால் தடுமாறுவர்.

சான்றுக் கடிதம் தருபவர் பெரும் பதவியினராய் இருத்தலினும், வேலையை நேரிற் கண்டவராய் இருத்தல் நன்று. முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னரே அவரை அணுகி, கட்டுரையின் பிரதி ஒன்றையும் கொடுத்து வைக்க.