எதிர்ப்பொருள் இருந்தும் ஈறு ஏன் கரைகிறது?

ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் "எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது, அதைக் கூட்ட ஏதாவது மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பவர்கள் அதிகம். முற்றிய ஈறு நோய் உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலும் கிடைக்கும் விடை இதற்கு நேர்மாறானது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்பொருள்கள், அவர்களிடம் நோயில்லாதவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். நோய் முற்றிய ஈற்றுத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பிளாஸ்மா செல்களே அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உடம்பு சும்மா இருக்கவில்லை, போராடுகிறது. அப்படியிருந்தும் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது என்றால், கோளாறு எதிர்ப்பொருளின் அளவில் இல்லை, அது போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது என்பதே என் முடிவு.

தோலும் வாயின் உட்பரப்பும் ஓயாமல் உதிர்ந்து புதுப்பித்துக்கொள்கின்றன. ஒட்டிய கிருமியும் கூடவே உதிர்ந்துவிடும். பல் உதிராத பரப்பு. அதன்மேல் பாக்டீரியாக்கள் பசைபோன்ற படலமாகப் படிகின்றன. அது இறுகினால் காரை. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே கசியும் திரவத்தில் எதிர்ப்பொருள் வரத்தான் செய்கிறது, ஆனால் படலத்தின் உள்ளே போதிய அளவு நுழைய முடிவதில்லை. ஜிஞ்சிவாலிஸோ ஜிஞ்சிபெய்ன் என்ற நொதிகளைச் சுரந்து, வந்த எதிர்ப்பொருளையே துண்டாடிவிடுகிறது. குளத்துப் படியில் படிந்த பாசி தண்ணீர் ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும், இதுவும் அப்படித்தான். வெறும் ஆன்டிபயாடிக் மாத்திரையால் ஈறு நோய் தீராததற்கும் பெரிதும் இதுவே காரணம். இதற்கிடையே, நீண்டுபோன போராட்டத்தில் நம் நோயெதிர்ப்பு செல்களான டி செல்களும் பி செல்களும் வெளியிடும் சமிக்ஞைகள் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. இந்த நிலையில் எதிர்ப்பைக் "கூட்டுவது" நல்லது என்று எப்படிச் சொல்வது?

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதன் சான்று நம் மக்களிடமிருந்தே வந்தது. 1970இல் தொடங்கி 15 ஆண்டுகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் பற்களை பல் ஆராய்ச்சியாளர் ஹெரால்ட் லோ குழுவினர் கவனித்தார்கள். மலையகத் தமிழர்களான அவர்களுக்குப் பல் மருத்துவம் எட்டவே இல்லை. பிரஷ் பழக்கமும் இல்லை. எல்லார் வாயிலும் படலமும் காரையும் இருந்தன. ஆனாலும் சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக ஏறியது, 81 சதவீதத்தினருக்கு நிதானமாக ஏறியது, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அழுக்கு ஒன்றாக இருந்தும் விளைவு வேறானால், தீர்மானிப்பது உடம்புதானே என்று கேட்கலாம். வேகத்தை உடம்பு தீர்மானிக்கிறது, மறுக்கவில்லை. வெள்ளணுக்கள் திசுவுக்குள் நுழைய முடியாத அரிய பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகள் சிறுவயதிலேயே பல்லை இழப்பதும் அதையே காட்டுகிறது. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் தப்பவில்லை. தப்பும் கூட்டத்தில் நாம் இருக்கிறோமா என்று முன்கூட்டியே சொல்லும் நம்பகமான ரத்தப் பரிசோதனையும் கிடையாது. அதே லோ டென்மார்க்கில் நடத்தி 1965இல் வெளியிட்ட சோதனையில், ஆரோக்கியமான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் தெளிந்தது. யாருக்கும் எதிர்ப்பு சக்தி மருந்து தரவில்லை, படலம் மட்டும்தான் போனது.

ஆகவே ரத்தம் வரும் இடத்தில் துலக்குவதை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷால் அந்த ஓரத்தையே பொறுமையாகத் துலக்குங்கள். பல்லிடுக்குக்கு அதற்கான சிறு பிரஷ் வேண்டும். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈற்றோரத்தில் விட்டு மருத்துவர் அளக்கும்போது எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 3 வரை சரி. 5, 6 என்றால் உங்கள் பிரஷ் அந்த ஆழத்துக்குப் போகாது, காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் அவசியம். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் வேண்டாம். வீக்கம் வடிந்து காரை போனதும், முன்பே எலும்பு கரைந்ததால் உண்டான ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காமல் ஈற்றை மட்டும் சரிசெய்ய முடியாது. புகைபிடிப்பவர்களோ ரத்தக் கசிவை அடையாளமாக நம்பவே கூடாது: புகை ஈற்றின் கசிவைக் குறைத்துவிடுவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே ஈறு நலமாகவே தெரியும்.