பேராசிரியர் சி. மௌனகுரு: கூத்தும் ஆய்வும்

ஈழத்துத் தமிழ் அரங்க வரலாற்றில் நாடகாசிரியர், நடிகர், நெறியாளர், ஆய்வாளர் எனப் பல நிலைகளில் வைத்து நோக்கப்படுபவர் பேராசிரியர் சி. மௌனகுரு. 1943இல் மட்டக்களப்பு, அமிர்தகழியில் பிறந்தவர். பேராதனையில் பயின்ற காலத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் கூத்துத் தயாரிப்புகளில் பங்கேற்றார்.

மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுவே. 'இராவணேசன்' (1964) யாருடையது? தயாரித்தவர் வித்தியானந்தன். எழுதியவரும் இராவணனாக ஆடியவரும் மௌனகுரு. வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவருவதே அக்காலத் தயாரிப்புகளின் முதற்பணி. இராவணேசனோ சுருக்கிய பழைய ஏடு அன்று, புதிதாக எழுதப்பட்டது. ஆகவே இராவணனின் மனப் போராட்டத்துக்கு அதில் இடம் கிடைத்தது.

'சங்காரம்' (1969) இன்னும் ஒரு படி அப்பால் சென்றது. வடமோடி ஆட்டங்கள் அரசருக்கும் அரக்கருக்கும் உரியனவாக இருந்தன. சங்காரத்திலும் அரக்கர் உண்டு. ஆனால் அவர்கள் சாதி, இனம், மதம், வர்க்கம் என்பவற்றின் உருவகங்கள். எதிர்த்து நிற்போர் உழைக்கும் மக்கள். புராண இதிகாசக் கதைகளுக்கே கூத்து பொருந்தும் என்ற எண்ணம் இங்கே ஆட்டங்கண்டது. கூத்தின் நவீனமயமாக்கம் பற்றிய வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

கலாநிதிப் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்ததும் தம் மண்ணின் கூத்தையே. 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' 1998இல் நூலாக வெளிவந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறைத் தலைவராகவும் பணியாற்றினார். அங்கு இராவணேசனை மீண்டும் தயாரித்தபோது, மாணவராக இருந்து தாம் ஆடிய இராவணனைத் தம் மாணவருக்குப் பழக்கினார்.