கடல் கடப்போர்

சிதம்பரத்திற்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை உள்ளது. அதற்கும் வடக்கே கெடிலக் கரையில் கடலூர் உள்ளது. பாய்மரக் கப்பல்கள் ஓடிய நாளிலேயே இவ்விரு துறைகளும் அயல்நாட்டு வாணிகத்தால் பெயர் பெற்றிருந்தன. இன்றும் இப்பகுதி இளைஞர் பலர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றிற்குப் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். கப்பல் போய் விமானம் வந்தது. ஆயினும், இடர் நேர்ந்தால் உற்றார் அருகிலில்லாத நிலை மட்டும் மாறவில்லை.

2024 ஆம் ஆண்டு சூன் 12 ஆம் நாள் விடியற்காலையில், குவைத்து நாட்டின் மங்காப் என்னுமிடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பற்றியது. உறங்கிக் கிடந்தோர் பலர் புகையால் மூச்சடைத்து மாண்டனர். இறந்தோருள் இந்தியர் பலர், தமிழ்நாட்டினர் எழுவர், அவருள் ஒருவர் கடலூர் மாவட்டத்தினர். உடல்களை அடையாளங் காண்பதற்கு மரபணுச் சோதனை வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து இந்திய விமானப்படையின் வானூர்தி அவற்றைக் கொச்சிக்குக் கொணர்ந்தது.

அத்தீவிபத்துக்கு மாண்டவர்மேல் குறை கூறுதல் அறமாகாது. பிறர் கட்டிய வீட்டின் பழுதை அங்கு உறங்கச் செல்வோன் திருத்த இயலுமோ? எனினும், புதிய இடத்தில் முதல் இரவு படுக்குமுன், படிக்கட்டு எங்குள்ளது, வேறு வாயில் உண்டா, மேல்மாடிக் கதவு பூட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து வைத்தல் எவர்க்கும் இயலும். புகை மேலெழும் இயல்பினது. ஆதலால் அது சூழ்ந்தவிடத்து, நிமிர்ந்து ஓடாது, தரையை ஒட்டித் தவழ்ந்து வெளியேறல் வேண்டும்.

பயணத்துக்கு முன்னரே செய்யத்தக்கவையும் உள. அயல்நாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர், 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அவர் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. பத்தாம் வகுப்புத் தேறாதார், வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய அரசு குறித்துள்ள நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெறுதல் வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று பின்னர் வேலை தேடிக்கொள்ளலாம் என்பார் சொல் நஞ்சே. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்டு, மியன்மாருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வருத்தப்பட்ட தமிழர் 13 பேர் 2022 ஆம் ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்குத் திரும்பினர்.

பாஸ்போர்ட்டு, விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் படிகளில் ஒரு தொகுதி வீட்டில் இருத்தல் வேண்டும். மூலத்தை முதலாளி பறித்து வைத்துக்கொண்டாலும், பெற்றோர் அப்படிகளைக் கொண்டு மாவட்ட ஆட்சியரிடமோ இந்தியத் தூதரகத்திடமோ முறையிடலாம். மகன் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரையே அறியாத தாய் யாரிடம் சென்று என்னவென்று கூறுவாள்? தூதரகத்தின் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுதல் நன்று. கைப்பேசி களவு போகும், மின்னூட்டம் தீர்ந்து அணைந்தும் போகும்.