பத்துப் பைசாவும் கணிப்பொறியும்

மாணவர்களே! பத்துப் பைசாவைப் பத்து முறை கூட்டினால் ஒரு ரூபாய். இதைக் கணிப்பொறியிடம் கேட்போமா? பைத்தான் மொழியில் 0.1 என்பதைப் பத்து முறை எழுதி, கூட்டல் குறியிட்டுக் கூட்டிப் பாருங்கள். விடை 0.9999999999999999 என்று வரும்!

இது ஏன்? மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333... என முடிவின்றி நீளும் அல்லவா? கணிப்பொறி எண்ணுவது 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால். அந்த இரும முறையில் பத்தில் ஒரு பங்கு 0.000110011... என்று முடிவின்றி நீளும். ஓர் எண்ணுக்கு ஒதுக்கப்படும் இடமோ பொதுவாக 64 பிட்டுகளே. ஆகவே கணிப்பொறி 0.1-க்கு மிக நெருங்கிய வேறோர் எண்ணை வைத்துக்கொள்கிறது. இப்படி வைக்கப்படுவது 'மிதவைப் புள்ளி' எண்.

ஒரு கம்பியின் நீளத்தை அளக்க இது தாராளமாகப் போதும். அளவீட்டிலேயே இதைவிடப் பெரிய பிழை இருக்கும். ஆனால் பணத்தை நாம் அளப்பதில்லை, எண்ணுகிறோம். வரவும் செலவும் சமமா என்று கேட்டால், ஏறக்குறைய என்ற பதில் செல்லாது.

சிறு பிழைதானே என்று விட்டுவிடலாமா? கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீட்டெண் 1982-இல் 1000-இல் தொடங்கியது. ஒவ்வொரு கணக்கீட்டிலும் மூன்றாம் தசமத்துக்குப் பிந்தியவற்றை, முழுமையாக்காமல் வெட்டிவிட்டனர். 1983 நவம்பரில் அது சுமார் 524-க்கு இறங்கியிருந்தது. திருத்தியபோது சரியான மதிப்பு 1098-க்கும் மேல்!

பணத்துக்கு ஏற்ற வழிகள் இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணாக வைப்பது: 12 ரூபாய் 50 பைசா என்பது 1250. இதற்கு 32 பிட் போதாது; சுமார் 2 கோடியே 14 லட்சம் ரூபாயோடு அது நிரம்பிவிடும். 64 பிட் வேண்டும். மற்றொன்று, தரவுத்தளங்களில் உள்ள 'டெசிமல்' வகை. அது தசம இலக்கங்களை அப்படியே காக்கும்.

எனினும் 100 ரூபாயை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 33 ரூபாய் 33 பைசா போக, ஒரு பைசா மிஞ்சும். அது யாருக்கு என்பதை எந்த வகையும் சொல்லாது. நாம்தான் விதி வகுக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 1957-க்கு முன் நம் நாட்டில் ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவை ரூபாயின் பின்னமாக்கி, இரும முறையில் எழுதுங்கள். அது முடிவின்றி நீள்கிறதா? நீளவில்லை எனில், ஏன்?