நோயுற்ற இருவரின் ஏழு நாட்கள்

கேள்வி: தம்பதி இருவருக்கும் ஒருங்கே கொரோனா கண்டால், யார் யாருக்குச் சிசுருஷை செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: 2022 ஜனவரியில், ஒமிக்ரான் அலை சென்னையில் தெருத்தெருவாய்ப் பரவிய நாட்களில், எனக்கும் என் மனைவிக்கும் ஒரே தினத்தில் ஜுரம் கண்டு, ஏழு நாள் தனித்திருக்கவேண்டும், தொடர்ந்து மூன்று நாளாவது ஜுரமின்றி இருக்கவேண்டும் என்ற அன்றைய அரசு விதிப்படி கதவைத் தாழிட்டுக்கொண்டோம். இருவருக்குமே தொற்று இருந்தபடியால் வேறு வேறு அறை நாடும் அவசியம் நேரவில்லை. அதை ஒரு பாக்கியமாகவே இன்றும் கருதுகிறேன். அந்தந்த வேளையில் எவருக்கு ஜுரம் குறைவோ அவர் எழுந்து கஞ்சி வைப்பதென்று, பேசிக்கொள்ளாமலே ஓர் ஏற்பாடு அமைந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில், தன் விரலிலிருந்த ஆக்ஸிமீட்டரைக் கழற்றி, நான் உறங்குவதாக எண்ணி என் விரலில் மெல்லப் பொருத்தி, எண் 97 என்று நிலைக்கும்வரை அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்ததை அரைக்கண்ணால் கண்டேன். மிளகு ரசமும் கபசுரக் குடிநீரும் தொண்டைக்கு இதமளித்தன. நோயைத் தீர்த்தவை அவையென்று சொல்லமாட்டேன். தாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆக்ஸிமீட்டர் காட்டும் எண் 93-க்கு இறங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த க்ஷணமே மருத்துவரை நாடுங்கள்.