ஏரியும் நகரும்

மக்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழத் தொடங்குங்கால் முதற்கண் நாடியது நீரையே ஆகும். நிலம் எத்துணை வளமுடையதாயினும், அருகே நீர் இல்லையேல் அங்கே ஊர் தோன்றுவதில்லை. இவ்வுண்மையை ஊர்ப்பெயர்களே எடுத்துரைக்கும். சென்னை நகரின் பகுதிகளாக இன்று விளங்கும் திருவல்லிக்கேணி, ரெட்டேரி, பழவந்தாங்கல் ஆகிய பெயர்களை நோக்குக. கேணி என்பது கிணற்றையும் சிறு குளத்தையும் குறிக்கும். இரட்டை ஏரி என்பதே ரெட்டேரி என மருவிற்று. தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. இப்பெயர்களைச் சூட்டிய முன்னோர் வீட்டைப் பார்த்து ஊருக்குப் பெயரிடவில்லை. நீரைப் பார்த்தே பெயரிட்டனர். இன்று பெயர் நிற்கின்றது. நீர் நின்ற இடங்கள் பலவற்றில் வீடுகளே நிற்கின்றன. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் விளைந்தது யாது என்பதை அறிதல் நகரில் வாழ்வார் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

சென்னையைச் சூழ்ந்த நிலம் மேற்கே சற்றே உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கிச் சிறிது சிறிதாகத் தாழ்ந்து செல்வது. ஆண்டு முழுதும் நீர் பெருகியோடும் பேராறு இங்கே இல்லை. கொசத்தலையாறும் கூவமும் அடையாறும் மழைக்காலத்தே பெருகிக் கோடையில் இளைப்பன. மழையோ ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ப்பது. அந்நீரை அப்போதே பிடித்து வைத்தாலன்றி, எஞ்சிய திங்கள்களில் உழவுக்கும் குடிக்கவும் நீர் இராது. இதனை உணர்ந்த பண்டை மக்கள், நிலத்தின் சரிவுக்கு ஏற்ப ஏரிகளை அமைத்தனர். செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகள் மிக்க மாவட்டம் எனப் பெயர் பெற்றது இதனாலேயே.

ஏரி என்பது வெறும் பள்ளம் அன்று. அதற்குக் கரை உண்டு. வயலுக்கு நீர் விடும் மதகு உண்டு. மிகுந்த நீரைக் கரை உடையாவண்ணம் வெளியேற்றும் கலங்கல் உண்டு. நீரைக் கொணரும் வரத்துக் கால்வாய் உண்டு. மேலேரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே கீழேரிக்குச் செல்லும். அதுவும் நிரம்பினால் அடுத்த ஏரியை அடையும். இங்ஙனம் சங்கிலிபோல் தொடர்ந்து, இறுதியில் ஆற்றையோ சதுப்பு நிலத்தையோ சேர்ந்து, நீர் கடலுட் புகும். இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் மேலுள்ளாரும் கீழுள்ளாரும் ஒருங்கே துன்புறுவர். ஆதலின் ஏரியைக் காத்தல் ஊரார் அனைவர்க்கும் உரிய கடமையாயிற்று. சோழன் முதற்பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஏரியைப் பேணுதற்கென்றே ஏரி வாரியம் என்னும் குழு, குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. கோடையில் ஊரார் திரண்டு ஏரியில் தூர் வாரிக் கரையை உயர்த்தும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது.

ஏரியால் விளையும் பயன்கள் மூன்று. வயலுக்குப் பாய்தல் ஒன்று; பெருமழையை ஏற்று வெள்ளத்தைத் தணித்தல் மற்றொன்று; நிலத்துள் ஊறிக் கிணறுகளை நிரப்புதல் மூன்றாவது. இவற்றுள் முதலாவது கண்ணுக்குத் தெரிவது. ஏனைய இரண்டும் தெரியாமலே நடைபெறுவன. வயல் மனையாக மாறியபோது, ஏரியின் முதற்பயன் ஒழிந்தது. உடனே, 'இவ்வேரி இனி எதற்கு?' என்னும் வினா எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு பயன்களும் அவ்வேளையில் யார் நினைவுக்கும் வரவில்லை. நகரமைப்பில் நேர்ந்த பிழைகளுக்கெல்லாம் வித்து இதுவே எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, ஒரு நெடிய ஏரி கிடந்தது. அதன் வடபகுதி நுங்கம்பாக்கம் ஏரி என்றும், தென்பகுதி மாம்பலம் ஏரி என்றும் வழங்கின. நகரின் மக்கள்தொகை பெருகியது. குடியிருக்க இடம் போதவில்லை. 1920 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்து நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1923 ஆம் ஆண்டளவில் மாம்பலம் ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, அந்நிலத்தில் புதிய குடியிருப்பு எழுந்தது. அதுவே சர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய தியாகராய நகர். அகன்ற தெருக்களும், நடுவே பனகல் பூங்காவும் கொண்டு அழகுற அமைந்த நகர் அது. அதனை வகுத்தோர் தீய எண்ணம் உடையோர் அல்லர். வீடின்றி வருந்தியோர்க்கு வீடு வேண்டும் என்றே கருதினர். எனினும் நல்லெண்ணம் ஒன்றே நல்ல அமைப்பாகிவிடாது.

அக்காலத்திலேயே மாற்றுக் கருத்தும் எழாமல் இல்லை. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் என்பார், 1915 ஆம் ஆண்டில் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கையும் எழுதினார். ஓர் ஊரைத் திருத்தப் புகுவோர் முதலில் அவ்வூரை நடந்து பார்த்து, அதன் மக்களின் வாழ்க்கையை அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. குளங்களைத் தூர்ப்பதை அவர் ஏற்கவில்லை. நோயறியாத மருத்துவன் மருந்து கொடுத்தலும், ஊரறியாத அமைப்பாளன் திட்டம் வகுத்தலும் ஒன்றே அன்றோ?

நெடிய ஏரியின் எஞ்சிய நுங்கம்பாக்கப் பகுதியும் 1970களில் தூர்க்கப்பட்டது. 1976 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம் நிற்பது அவ்வேரி நிலத்திலேயே. பின்னர் நகர் தெற்கு நோக்கி வளர்ந்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நகரோடு இணைந்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் மிகுநீரை ஏற்று, ஒக்கியம் மடுவின் வழியே மெல்லக் கடலுக்கு அனுப்பும் பெரும்பணி ஆற்றுவது. பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் வெள்ளத்தை உள்வாங்குவது அதன் இயல்பு. பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே வந்து இரை தேடும். ஆயினும் ஏட்டில் அது பயனற்ற நிலம் என்றே எண்ணப்பட்டது. நகரின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. சாலைகளும் பெருங்கட்டடங்களும் அதனைக் கூறுபடுத்தின. சதுப்பின் பெரும்பகுதி மறைந்தது.

நீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை. 2015 ஆம் ஆண்டு நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி நின்ற அந்நிலையில், டிசம்பர் 2 ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. ஏரிகளிலிருந்து வழிந்த நீரும் அதனோடு சேர, ஆறு கரைகடந்தது. வீடுகளின் முதல் மாடி வரை நீர் ஏறிற்று. விமான நிலையம் மூழ்கியது. மீனவர் தம் படகுகளைத் தெருக்களுள் செலுத்தி, முன்பின் அறியாதோரைக் காத்தனர். அம்மழைக்காலத்தில் தமிழகத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. 2019 ஆம் ஆண்டுக் கோடையில், நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. தெருக்களில் வண்ண வண்ணக் குடங்கள் வரிசையிட்டு நின்றன. இரவெல்லாம் விழித்திருந்து லாரியை எதிர்நோக்கிய தாய்மார் பலர். அவ்வாண்டு ஜூலை 12 ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீருடன் முதல் ரயில் சென்னைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளத்தில் மூழ்கிய நகரே தாகத்தால் தவித்தது! இவை இரண்டும் வெவ்வேறு துன்பங்கள் போலத் தோன்றும். மழை மிகுந்ததும் குறைந்ததும் இயற்கையின் செயல் என்பது உண்மையே. ஆயினும் மிகுந்தபோது ஏற்றுக்கொள்ளவும், குறைந்தபோது எடுத்துக்கொடுக்கவும் இருந்த இடங்கள் குறைந்துவிட்டமையால், துன்பம் பன்மடங்காயிற்று. 2021 ஆம் ஆண்டு நவம்பர் மழையிலும் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் நாட்கணக்கில் தேங்கிற்று. ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தும் ஏரி தன் இடத்தைத் தேடி வந்தது போலும்!

இந்நிலையில் நகர்வாழ் மக்கள் நகரமைப்பைப் பற்றிக் கவலை கொள்வது இயல்பே. 1971 ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டத்தின்படி, திட்ட வரைவை வெளியிட்டு, அதன்மீது மக்களின் கருத்துகளையும் மறுப்புரைகளையும் கேட்டறிதல் வேண்டும். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வகுத்து, 2008 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம், 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தழுவியது. இத்துணைப் பெரிய பரப்பின் ஒவ்வொரு வாய்க்காலையும் அலுவலகத்தில் அமர்ந்திருப்போர் அறிதல் அரிது. வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தோன்றுவது, மழை நாளில் மார்பளவு நீர் ஓடும் கால்வாயாக இருக்கக்கூடும். அதனை அறிந்தவர் அங்கே நாற்பதாண்டு வாழ்ந்த முதியவர். அக்கரையில் மாடு மேய்த்தவர். அந்நீரில் மீன் பிடித்தவர். அவர்கள் கேட்பன எளிய வினாக்களே. 'இச்சாலை எழுந்தால் மேற்கிலிருந்து வரும் நீர் எவ்வழிச் செல்லும்? இக்கட்டடத்தின் கழிவுநீர் எங்கே சேரும்? ஏரியின் எல்லைக்கல் எது?' இவ்வாறு வினவுவோரை வளர்ச்சியின் பகைவர் எனல் தகாது. வெள்ளம் வருமுன் அணைபோட விழைவோரே அவர்கள்.

மக்கள் வினவுதலோடு நின்றாரல்லர். பள்ளிக்கரணையைச் சூழ வாழ்வோர், குப்பையின் புகைக்கும் சதுப்பின் அழிவுக்கும் எதிராகப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தனர், நீதிமன்றத்தையும் நாடினர். 2007 ஆம் ஆண்டில் சதுப்பின் 317 எக்டேர் காப்புக்காடாயிற்று. 2022 ஆம் ஆண்டில் 1,200 எக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் சிட்லபாக்கம் மக்கள் விடுமுறை நாட்களில் தாமே ஏரியில் இறங்கிக் குப்பையை அள்ளினர். பழைய குடிமராமத்து புதிய உருவில் மீண்டது எனலாம்.

இங்கே மற்றொன்றும் கருதத்தக்கது. நீர்நிலையைக் காக்கப் புகும்போது முதலில் அகற்றப்படுவன பெரும்பாலும் ஏழையரின் குடிசைகளே. 2015 வெள்ளத்தின் பின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, பெரும்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம். மழை மிகுந்தால் அங்கும் நீர் சூழும். வேலையும் பள்ளியும் தொலைவாயின. வெள்ளத்தின் அச்சமும் முற்றும் நீங்கவில்லை. குடிசையை அகற்றிய கை, ஏரியினுள் எழுந்த மாளிகையின் முன் தயங்கி நிற்குமாயின் அது நீதியாகாது. நீர்வழிக்கு எளியார் என்றும் வலியார் என்றும் வேறுபாடு இல்லை. சட்டத்திற்கும் இருத்தல் ஆகாது.

நகரம் வளர்ந்தே தீரும். பிழைப்பு நாடி வருவோர்க்கு வீடும் சாலையும் மருத்துவமனையும் வேண்டும். அவற்றை வேண்டாம் என்பார் எவரும் இலர். ஆனால் மனை வகுக்குமுன் நீரின் வழியை வகுத்தல் வேண்டும். கோடு கிழிக்குமுன் அந்நிலத்தில் வாழ்வாரைக் கேட்டல் வேண்டும். கேட்டதை ஏட்டில் எழுதி வைத்தலோடு அமையாது, திட்டத்தில் ஏற்றல் வேண்டும். உத்தரமேரூர் மக்கள் ஏரியைக் காப்பாரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். ஏரி தம்முடையது என்னும் எண்ணம் அவர்பால் இருந்தமையே அதற்குக் காரணம். தம் தெருவில் விழும் மழைநீர் எவ்வழியே ஓடி எந்த ஏரியைச் சேர்கின்றது என்பதை நகரத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிவாராயின், அவ்வெண்ணம் மீண்டும் தளிர்க்கும். நீருக்கு இடம் கொடுத்த ஊரில் நீரும் மக்களுக்கு இடம் கொடுக்கும்.